முகமூடியோடு வருகிறார் அப்பா

குவாபிருபா,
நவம்பர் கடைசி ஞாயிறு, எல்லோரும் தூங்கிய பிறகு

பாசமும் மரியாதையும் உள்ள என் ஒரே அக்கா இவானியாவுக்கு, தங்கை லியானி எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, நான், நாய் எல்லோரும் உடம்பளவில் நலம். அங்கே கார்ல்ஸ்ரூஹேயில் நீயும், உன்னோடு இருப்பவரும், உங்களோடு இருக்கும் சின்னவனும் நலமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். இந்தக் கடிதம் கிடைத்த உடனே நீ எங்காவது ஓடிப்போகவும் வேண்டும். நாங்கள் வருகிறோம்.

இதை உனக்குச் சொல்லவே மாட்டேன் என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் சாயங்காலம் திடீரென்று உன் கதவைத் தட்டி உன்னைத் திகைக்க வைக்க வேண்டுமாம். நீயும் என்னிடம் ஒரு சத்தியம் வாங்கியிருக்கிறாய். என் பிறந்தநாளன்று ரொட்டிக்கடை போனில் கூப்பிட்டு, தங்கியிருப்பதாகச் சொன்ன கன்னியாஸ்திரீகள் விடுதியெல்லாம் கட்டுக்கதை, ஜோசிமார் என்கிற பஹியாக்காரரோடு குடித்தனம் நடத்துகிறேன், பெந்தோ பிறந்துவிட்டான், அப்பா அம்மாவுக்குத் தெரியவே கூடாது என்றாய். இரண்டு சத்தியத்தையும் வயிற்றில் வைத்துக்கொண்டு பதின்மூன்று வயதுப் பெண் எப்படித் தூங்குவாள்? அதனால் அப்பாவுக்குக் கொடுத்ததை உடைக்கிறேன். நீ அழுதுகொண்டே கேட்டாய், அவர் ரொட்டி தின்றுகொண்டே கேட்டார்.

அப்பாவை உனக்கே தெரியும். நீ விமானம் ஏறிய நாள் முதல் கறிக்கடைக்கு வருகிற எல்லோரிடமும், "எங்க ஆளுங்க அங்கேருந்து கப்பல்ல வந்தாங்க, எம் பொண்ணு திரும்பிப் போயிருக்கா. மருமகனும் அந்தப் பாடன் சீமைக்காரனா அமைஞ்சுட்டா கணக்கு நேராயிடும்" என்று சொல்லிக்கொண்டே கறி வெட்டுகிறார். நீயோ கடலைத் தாண்டிப் போய் ஒரு பஹியாக்காரரைக் கண்டுபிடித்திருக்கிறாய். பஹியாவுக்கு இங்கிருந்து பஸ்ஸே போகிறதே, அக்கா! நெல்சி அத்தை சாவோ பாவ்லோவில் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டதற்காக, சொந்தத் தங்கை என்றுகூடப் பார்க்காமல் அப்பா அவரோடு பேச்சை விட்டது நான் பிறப்பதற்கு முன்னால். இன்றைக்கும் யாராவது அத்தை பெயரை எடுத்தால் உடனே கத்தியை எடுத்துத் தீட்ட ஆரம்பித்துவிடுவார். உன் பெயரைச் சொன்னாலும் அந்தச் சத்தம்தான் வரும் என்றால் நான் இந்த வீட்டில் எப்படி இருப்பேன்? எனக்கு இருக்கிற பயம் அது ஒன்றுதான். மீதி எல்லாம் சின்னப் பயங்கள், ஆனால் அவை நிறைய.

சமையலறைச் சுவரில் இருந்த திருக்குடும்பப் படத்தைக் கழற்றிவிட்டு அங்கே உங்கள் ஊர் வரைபடத்தை ஒட்டியிருக்கிறார். ஒரு நாள் உங்கள் ஊர் அரண்மனை, ஒரு நாள் பாடன்-பாடன் வெந்நீர்க் குளம், ஒரு நாள் கருப்புக் காடு, ஒரு நாள் ஹைடல்பெர்க் கோட்டை, ஒரு நாள் முழுக்க நம் பாட்டனுக்குப் பாட்டன் பிறந்த கிராமத்தில் வீடு வீடாகப் போய், நாங்கள் திரும்பி வந்துவிட்டோம் என்று சொல்வது. அவர்கள் நாம் போனதையே கவனித்திருக்க மாட்டார்கள் என்று அம்மா சொன்னதற்குக் கோபித்துக்கொண்டு அன்றைக்கு அவர் காபி குடிக்கவில்லை. உன்னை வைத்துப் பார்த்துக்கொள்ளும் கன்னியாஸ்திரீகளுக்காக ஒரு முழுப் பன்றித் தொடையைப் புகையில் போட்டிருக்கிறார். நன்றியுரை ஒன்றும் தயார். கண்ணாடி முன்னால் நின்று, தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "எம் பொண்ணுக்கு இடம் குடுத்தீங்க, கண்ணுல வெச்சுப் பார்த்துக்கிட்டீங்க, நான் கறிக்காரன், எனக்குப் பேசத் தெரியாது" என்று தினமும் பேசிப் பார்க்கிறார். அக்கா, கன்னியாஸ்திரீகளுக்கு எங்கே போவாய்? ஜோசிமாருக்கு வெள்ளைத் துணி போர்த்தி உட்கார வைக்கலாம் என்று ஒரு கணம் யோசித்தேன். ஆனால் அவருக்குப் பெரிய மீசை என்று நீ போனில் பெருமையாகச் சொன்னது ஞாபகம் வந்தது. வேறு வழியே இல்லையென்றால் மீசையை எடுக்கச் சொல்.

குளிர் உடுப்பு வாங்கப் போனோம். கோடை தொடங்கும் நவம்பரில் கம்பளிக் கோட்டு கேட்டதும் கடைக்காரப் பெண் அம்மாவின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். எல்லாக் கடையிலும் நீச்சல் உடைதான் தொங்குகிறது. கடைசியில் கோயில் கிறிஸ்துமஸ் நாடகத்துப் பெட்டியிலிருந்து அப்பாவுக்கு இடையன் அங்கியும், எனக்கு மூன்றாவது ராஜாவின் அங்கியும் இரவலாகக் கிடைத்தன. என்னுடையதில் தங்கச் சரிகை இருக்கிறது. அதோடுதான் ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் இறங்கப்போகிறேன்.

உடுப்பு கிடைத்தால் போதுமா, உடம்பும் பழக வேண்டும் என்று தினமும் சாயங்காலம் அப்பா எங்களைக் கடையின் குளிர் அறையில் உட்கார வைக்கிறார். வெளியே நாய்கூடத் தரையில் கால் வைக்க முடியாத வெயில். உள்ளே பன்றித் தொடைகளுக்கு நடுவே ஓர் இடையனும், ஒரு ராஜாவும், பின்னல் ஊசியோடு அம்மாவும். "மூச்சை மூக்கால விடு. கருப்புக் காடு இதைவிடக் குளிரும்" என்பார் அப்பா. "அங்கேயும் தலைக்கு மேல பன்னி தொங்குமாங்க?" என்பாள் அம்மா. போன வியாழக்கிழமை பயிற்சி முடிந்து எழுந்தபோது கதவுக் கைப்பிடி அப்பாவின் கையோடு வந்துவிட்டது. தட்டினோம், கத்தினோம். கடையில் யாரும் இல்லை. கொஞ்ச நேரம் அப்பா பாட்டுப் பாடினார். அப்புறம் பாட்டை நிறுத்திவிட்டு, இதுவரை நான் கேட்காத ஒரு குரலில், "யாருக்காவது மனசுல ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடலாம். இங்க சொன்னது இங்கயே உறைஞ்சு போயிடும்" என்றார். சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். அக்கா, எனக்கு வாய் திறந்துவிட்டது. உன் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அம்மா சட்டென்று என் தலையை இழுத்துத் தன் மார்போடு அழுத்திக்கொண்டு, "பிள்ளைக்கு நடுக்கம் கண்டுடுச்சு, அவளைப் பேச வைக்காதீங்க" என்றாள். அந்த நேரம் பார்த்துக் கறி வாங்க வந்த ஒஸ்னி மாமா வெளியிலிருந்து கதவைத் திறந்தார். எங்கள் மூவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்ன மச்சான், கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்குக் குடும்பத்தையே பதப்படுத்திட்டியா?" என்றார். இப்போது ஊரில் எல்லோரும் என்னைப் பார்த்துக் கிலோ என்ன விலை என்கிறார்கள்.

இதெல்லாம் போகட்டும். உன் கதவைத் தட்டப்போவது அப்பா இல்லை, டிசம்பரில் பிள்ளைகளை மிரட்ட வரும் பெல்ஸ்நிக்கல் பூதம். ஆமாம், அந்த முழு வேஷத்தையும் கொண்டு வருகிறார். இலையும் மரப்பாசியும் தைத்த அங்கி, கொம்பு வைத்த மர முகமூடி, சங்கிலி, எல்லாம். ஒவ்வொரு டிசம்பரும் அந்தச் சங்கிலிச் சத்தம் கேட்டதும் நான் கட்டிலுக்கு அடியில் போவேன், நீ மட்டும் நடுக்கூடத்தில் நிற்பாய். "இந்த வருஷம் என்ன தப்பு பண்ணினே? ஒளிக்காம சொல்லு!" என்று அது உறுமும். சாப்பாட்டு மேசையில் அப்பா எத்தனை கேட்டாலும் வாயைத் திறக்காத நீ, அதனிடம் மட்டும் மிட்டாய் எடுத்தது, சைக்கிளை ஆற்றில் விட்டது எல்லாவற்றையும் கொட்டிவிடுவாய். உள்ளே இருப்பது அப்பாதான் என்று தெரிந்த பிறகும் கொட்டினாய். அது எனக்குப் புரிந்ததே இல்லை. பெல்ஸ்நிக்கலிடம் சொன்னதை மறுநாள் வீட்டில் யாரும் கிளறக் கூடாது என்கிற வழக்கம் சைக்கிளுக்குச் சரி. ஒரு குழந்தைக்கும் செல்லுமா?

அங்கே செடி, கொடி, பாசி எதையும் உள்ளே விட மாட்டார்கள் என்று விமானச் சீட்டு கொடுத்தவரே சொன்னார். அப்பா கேட்கவில்லை. பாசி முழுவதையும் அம்மாவின் பழைய கோட்டுக்குள் பஞ்சு மாதிரி வைத்துத் தைக்கச் சொல்லிவிட்டார். அம்மா போட்டுப் பார்த்தாள். அப்போது ஆரம்பித்த அரிப்பு இன்னும் நிற்கவில்லை. "அங்க மரமெல்லாம் மொட்டையா நிக்கும் மச்சான். நீ மட்டும் இலையோட போய் நின்னா வசந்தம் வந்துடுச்சுன்னு பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டுடுவான்" என்று ஒஸ்னி மாமா சிரிக்கிறார். அப்பா சிரிக்கவில்லை. "பன்னித்தொடையைப் பிடுங்கிக்கிட்டாலும் பரவாயில்ல, முகமூடி மட்டும் போய்ச் சேரணும்" என்றார். அவருக்கு ஏன் இவ்வளவு வெறி?

அப்பாவுக்கு மூளை குழம்பிவிட்டதோ என்றும் சந்தேகம். பஹியாக்காரர்கள் சமையலுக்கு ஊற்றும் அந்தச் சிவப்புப் பனை எண்ணெய் ஒரு பாட்டில் வாங்கிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். கேட்டால், காலணிக்குப் பூசினால் பனித் தண்ணீர் உள்ளே இறங்காது என்கிறார். அம்மாவும் சரியில்லை. கம்பளியில் குல்லா பின்னுகிறேன் என்று ஒரு மாதமாக உட்கார்ந்திருக்கிறாள், வந்திருப்பது ஒரு ஆரஞ்சுப் பழத்துக்குப் போடலாம், அவ்வளவுதான். இது யாருக்கு என்றால், மாதிரி பார்க்கப் பின்னினேன் என்கிறாள். அதே மாதிரி இரண்டாவதும் பின்னுகிறாள்.

நான் சும்மா இருக்கவில்லை, அக்கா. கணக்கில் தோற்றால் டிசம்பரில் மறுபரீட்சை, பயணம் ரத்து. அதனால் கண்ணை மூடிக்கொண்டு விடை எழுதினேன். வாழ்க்கையில் முதல் முறையாகத் தேர்ச்சி பெற்றுவிட்டேன். ஆசிரியை கட்டிப்பிடித்தார். நான் அழுதேன், ஆனந்தக் கண்ணீர் என்று அப்பா எல்லோருக்கும் ஒரு சாசேஜ் கொடுத்தார்.

எனவே இனி எல்லாம் உன் கையில். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீட்டைப் பூட்டிவிட்டு எங்காவது போய்விடு. கருப்புக் காட்டுப் பக்கம் மட்டும் போகாதே, அங்கே எங்களோடு முட்டிக்கொள்வாய். பக்கத்து வீட்டாரிடம், விடுதி இடம் மாறிவிட்டது, கன்னியாஸ்திரீகள் ஆப்பிரிக்கா போய்விட்டார்கள் என்று சொல்லச் சொல். கயிற்றில் எதுவும் காயப்போடாதே. பெந்தோ அழாமல் பார்த்துக்கொள். அவனை நான் பார்க்கவே முடியாது என்பதை நினைத்தால் எனக்குத்தான் அழுகை வருகிறது, ஆனால் அப்பாவுக்கு நீ இல்லாமல் போவதைவிட அது மேல்.

உனக்கும், மீசைக்காரருக்கும், என் செல்லக் குட்டிக்கும் எல்லாப் புனிதர்களும் துணையிருக்கட்டும். நாளை பள்ளிக்குப் போகும் வழியில் இதைத் தபாலில் போடுவேன். படித்ததும் கிழித்துவிடு.

நடுங்கிக்கொண்டே முத்தங்களுடன்,
உன் லியானி

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் செய்யாதே! வேறு தாள் இல்லாததால் இதிலேயே எழுதுகிறேன். தண்ணீர் குடிக்க வந்த அம்மா பார்த்துவிட்டாள். நின்றபடியே முதலிலிருந்து கடைசி வரை படித்தாள். என் உயிர் பாதி போய்விட்டது. படித்து முடித்து, "தலை எவ்வளவு பெருசுன்னு கேட்டு எழுது. குல்லா பத்தாமப் போயிடுமோன்னு இருக்கு" என்றாள்.

"எந்தத் தலைம்மா?"

"என் பேரன் தலைதான்டி. உங்கக்கா கொஞ்ச நாளா கழுத்துக்கு மேலதான் போட்டோ எடுத்து அனுப்பினா. கடைசிப் படத்துல ஜன்னலுக்கு வெளியே கயித்துல கையளவு சட்டை ஒண்ணு காயுது, பக்கத்துல பஹியா கால்பந்துச் சட்டை. கன்னியாஸ்திரீங்க போடுறதா அது?"

"அப்பா பார்க்கலையே?"

"அவருதான் முதல்ல பார்த்தாரு. ரெண்டு நாள் கத்தி தீட்டினாரு. அப்புறம் கத்தியைக் கீழ வெச்சுட்டு நெல்சிக்குப் போன் பண்ணினாரு. ரொம்ப நேரம் ரெண்டு பேரும் போனைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க."

அப்படியானால் அந்த முகமூடி எதற்கு என்று கேட்டேன். அம்மா குல்லாவை முழங்கால் மேல் போட்டு நீவிவிட்டுக்கொண்டே சொன்னாள்: "உங்கக்கா அப்பாகிட்ட எதையும் சொல்ல மாட்டா. அதுகிட்டன்னா சொல்லிடுவா. மறுநாள் யாரும் அதைப் பேசவும் கூடாது. அதுவுமில்லாம, பேரனைப் பார்த்ததும் தன் மூஞ்சி எப்படி ஆகும்னு உங்கப்பாவுக்குத் தெரியும்."

அதனால் எங்கேயும் போகாதே, அக்கா. சங்கிலிச் சத்தம் கேட்டதும் பெந்தோவைத் தூக்கிக்கொண்டு வந்து கதவைத் திற. உனக்கு எதுவும் தெரியாது, சரியா? கொஞ்சம் பயப்படு. அப்பாவுக்கு அது ரொம்ப முக்கியம். ஜோசிமார் மீசையை எடுத்திருந்தால் உடனே திரும்ப வளர்க்கச் சொல். தலை அளவை மறக்காமல் எழுது.