திறந்த கூரையும் ஒரு கிண்ணம் குங்குமமும்

பெண்ணைப் பெற்றவர்கள் கவலையைத் தேடிப் போக வேண்டியதில்லை. அதுவே கார் ஓட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடும். எங்கள் வீட்டுக்கு அது ஈப்போவிலிருந்து வந்தது. ஓட்டி வந்தவன் என் கொழுந்தன் செல்வம்.

மூத்த மகள் வசந்திக்குக் கம்போங் ராஜாப் பக்கம் ஒரு வரன் கூடி வந்திருந்தது. பையன் தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. அவனும் அவன் அம்மாவும் கோயிலில் வைத்துத் தூரத்திலிருந்தே பெண்ணைப் பார்த்துவிட்டார்கள். நாங்கள் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துத் தட்டு மாற்ற வேண்டியதுதான் பாக்கி. ஆனால் வரனைக் கொண்டுவந்த என் நாத்தனார் ஒரு வெடியைப் போட்டார்.

“பையனோட அம்மாவுக்குச் சத்தமா பேசுனா ஆகவே ஆகாது. இதுக்கு முன்னால பாத்த எடத்த அதுக்காகத்தான் வேணாம்னுச்சு. ஒன் பள்ளிக்கூடக் குரல வீட்டுல பூட்டி வச்சிட்டு வா.”

நான் தோட்டப் பள்ளி ஆசிரியை. நான் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தால் எதிர்மலையில் தேயிலைக் கொழுந்து பறிப்பவர்களும் கற்றுக்கொள்வார்கள். வாரம் முழுக்க வீட்டில் மெல்லப் பேசிப் பழகினேன். (என் கணவர் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று மருந்து வாங்கி வந்தார்.)

ஞாயிற்றுக்கிழமை ரிங்லெட்டிலிருந்து கிளம்பினோம். மூன்று பேராக நல்ல காரியத்துக்குப் போகக்கூடாது என்று நாத்தனாரும் ஏறிக்கொண்டார். சாயங்கால ராகு காலம் பிறப்பதற்குள் அவர்கள் வாசலை மிதித்தாக வேண்டும். ஆண்கள் முன்னால், நாங்கள் பின்னால், சீர்த்தட்டு என் மடியில். தட்டின் நடுவில் பெரிய கிண்ணம் நிறையக் குங்குமம், மேலே காகிதம் கட்டி.

செல்வத்தின் காருக்குக் கூரையில் ஒரு திறப்பு உண்டு. கைப்பிடியைச் சுற்றினால் தகடு பின்னால் நகர்ந்து வானம் தெரியும். பிரிஞ்சாங் சந்தைக் கூட்டத்தைக் கண்டதும் அவன் கை சும்மா இருக்கவில்லை, கூரையைத் திறந்துவிட்டது.

“தம்பி, குளிருதுப்பா.”

“காத்து உள்ள வராது லா அண்ணி. மேலாலயே வழுக்கிட்டுப் போயிடும். அதான் டிசைன்.”

ஊரைத் தாண்டிக் கார் வேகம் பிடித்ததும் ஆரம்பித்தது. டும் டும் டும் என்று ஓர் அதிர்வு. யாரோ என் தலையை அண்டாவுக்குள் விட்டு வெளியே உறுமி அடிப்பது போல. காது அடைத்து, பல் கூசி, அடிவயிறு வரை குலுங்கியது. கார் உடையப் போகிறது என்றே நினைத்தேன்.

“பின்கதவுக் கண்ணாடிய கொஞ்சம் எறக்குங்க அண்ணி! அடங்கிடும்!” என்று கத்தினான்.

இறக்கினேன். சத்தம் சட்டென்று நின்றது. அந்த அமைதியில் எனக்கு அவன்மேல் மரியாதையே வந்துவிட்டது. அதுதான் நான் செய்த தப்பு.

“ஐயோ, ஒம் பொட்டு எங்க?” என்றார் நாத்தனார். முடி பறந்து பறந்து பொட்டு அழிந்திருந்தது. சம்பந்தி வீட்டுக்குள் வெறும் நெற்றியோடு நுழைவதா? காற்றுதான் மேலே வழுக்கிக்கொண்டு போகிறதே என்று நம்பி, கிண்ணத்தின் காகிதத்தைப் பிரித்தேன்.

குங்குமம் கொட்டவில்லை, எழுந்தது. கிண்ணத்தைவிட்டு மொத்தமாக எழுந்து, காருக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, என் முகத்திலும் நாத்தனாரின் பட்டிலும் என் கணவரின் வெள்ளைச் சட்டையிலும் இறங்கி, மிச்சம் கூரை வழியாகக் கேமரன் மலைக்குப் போனது.

“மூடுடா!” என்றார் என் கணவர்.

செல்வம் கைப்பிடியைத் திருகினான். அது கழன்று அவன் கையோடு வந்தது.

நாத்தனார் பதறிப்போய்க் கண்ணாடியை ஏற்றினார். டும் டும் டும். இறக்கினால் குங்குமம் சுழன்றது. நிறுத்தித் துடைக்கலாம் என்றால் ராகு காலம் துரத்துகிறது. மெதுவாகப் போகலாம் என்றால் அதற்கும் அதே ராகு காலம். இருக்கிற சேலையாவது மிஞ்சட்டும் என்று கண்ணாடியை ஏற்றிவிட்டு, உறுமிச் சத்தத்திலேயே கம்போங் ராஜா வரை போனோம்.

இறங்கியபோது எங்கள் நால்வருக்கும் காது இல்லை. வாசலில் நின்ற மாப்பிள்ளையின் அம்மாள், பூக்குழி இறங்கி வந்தவர்களைப் பார்ப்பதுபோல் எங்களைப் பார்த்துவிட்டு, மெல்ல ஏதோ சொன்னார்.

“நல்லா இருக்கோம்!” என்று கர்ஜித்தார் என் கணவர்.

“ஏன் இப்படிக் கத்துறீங்க!” என்று நான் அதைவிடப் பெரிதாகக் கிசுகிசுத்தேன்.

“யாரு கத்துறா?” என்றார் நாத்தனார், அடுத்த வரிசை லயத்து வீடுகள் வரை கேட்கும்படி.

அந்த அம்மாளின் புருவம் ஏறியது. வசந்தியின் வாழ்க்கை இந்த வாசற்படியில் முடிந்தது என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அழுதால் குங்குமம் கரைந்து இன்னும் மோசமாகும் என்று அடக்கிக்கொண்டேன்.

உள்ளே நாற்காலியில் பையனின் அப்பா உட்கார்ந்திருந்தார். தேயிலை ஆலையில் இலை உருட்டும் மெஷின் பக்கத்திலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாங்கள் பேசப் பேச அவர் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. கடைசியில் எழுந்து நின்றார்.

“மெஷின் சத்தத்துல காது போனதுலேருந்து இந்த வீட்டுல யாரு பேசுறதும் எனக்குக் கேக்கல. எல்லாம் ஊமப் படம். இவங்க பேசுறது அம்புட்டும் கேக்குது! இந்த எடந்தான். தட்ட மாத்துங்க லா!”

அந்த அம்மாள் ஏறிய புருவத்தை இறக்கிக்கொண்டார். பிறகு ஈரத்துண்டு ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, மெல்ல என்னவோ கேட்டார். எனக்குக் கேட்கவில்லை. தலையாட்டி வைத்தேன். (அடுத்து வந்த தையிலேயே கல்யாணம் வைக்கலாமா என்பதற்குத் தலையாட்டியிருக்கிறேன்.)

வசந்தி நன்றாக இருக்கிறாள். ஆனால் அந்த வீட்டுக்குப் போய் நான் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினால் போதும். “கூரையத் தொறந்துட்டுப் பேசுங்க சம்பந்தியம்மா! அவருக்குக் கேக்கல!” என்று அடுப்படியிலிருந்து அதட்டல் வரும். அதட்டுவது, சத்தமே ஆகாத அதே அம்மாள்.

இப்போது இளையவளுக்கு வரன் பார்க்கிறோம். செல்வம் போன வாரம் வந்து, கைப்பிடியைச் சரி செய்துவிட்டேன், நானே ஓட்டுகிறேன் என்றான். காய்கறி லோரியில் ஏறிப் போனாலும் போவேனே தவிர உன் காரில் ஏறமாட்டேன் என்றேன்.

“லோரிக்குக் கூரையே இல்லியே அண்ணி,” என்றான்.