ஜாடி வழக்கில் ஜாய்சன் தரப்பு வாதம்

முதலில் மூடி திருகும் சத்தம்தான் கேட்டது. கரகரவென்று கொஞ்சம், நடுவில் ஒரு நிறுத்தம், மறுபடி கரகர.

ஜாய்சன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. அந்தச் சத்தம் வராதபடி ஈரத்துண்டைச் சுற்றி அதே மூடியைப் பத்து நாளாகத் திறந்தவன் அவன்தான். பெங்களூர் ஆஸ்டின் டவுன் வீட்டுக் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஊறிய அவரைக்கொட்டையைத் தோல் பிதுக்கிக்கொண்டிருந்தான். விரல்கள் மட்டும் நின்றுபோயின.

சமையலறையில் மூடியைத் திருகியது மௌரீன், அவன் மனைவி, பள்ளிக்கூட டீச்சர். சனிக்கிழமை என்பதால் வீட்டில் இருந்தாள். ஜாடியில் கிறிஸ்துமஸ் கேக்குக்காகத் திராட்சையும் செர்ரியும் ஆரஞ்சுத் தோலும் ஊறிக்கொண்டிருந்தன. அக்டோபரில் அவள் ஜாடியில் ரம் ஊற்றியதை ஜாய்சன் கண்ணால் பார்த்தவன்.

பார்த்ததுதான் வினை. செப்டம்பரில் மாதா திருவிழாவன்று, கிறிஸ்துமஸ் வரை ஒரு சொட்டுத் தொடமாட்டேன் என்று அவளிடம் வாக்குக் கொடுத்திருந்தான். காப்பாற்றினால், நாளை ஞாயிற்றுக்கிழமை கோலார் தங்கவயலில் பழைய பள்ளிக்கூடச் சேக்காளிகள் கூடும் விருந்துக்குப் போகலாம். முப்பது வருஷம் கழித்துக் கூடுகிறார்கள். தவறினால், அவரைக்கொட்டையோடு வீட்டிலேயே இருக்கலாம்.

ஆனாலும் ஜாய்சன் கலங்கவில்லை. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனி கேட்டில் பதினாறு வருஷமாக நைட் டியூட்டி. ஊரே தூங்கும்போது விழித்திருப்பவனுக்குத் துணை என்று ஏதாவது வேண்டுமே. அவென்யூ ரோட்டு நடைபாதையில் பழைய தண்டனைச் சட்டப் புத்தகம் ஒன்று கிடைத்தது. அட்டை கிழியும்வரை படித்தான். கேப் டிரைவர்கள் அவனை லாயர் சார் என்றே கூப்பிட்டார்கள். குற்றத்துக்குக் கை மட்டும் போதாது, மனசும் சேர்ந்திருக்க வேண்டும் என்பான். நிரூபிக்க வேண்டியது குற்றம் சாட்டுகிறவர் பொறுப்பு என்பான். எல்லாவற்றுக்கும் மேல், வாயைத் திறக்காதே என்பான். அந்தக் கடைசி யோசனையை மட்டும் அவன் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை.

"ஏங்க, ஜாடி ரெண்டு விரல் இறங்கியிருக்கு" என்றாள் மௌரீன், ஜாடியோடு கூடத்துக்கு வந்து.

"இது குற்றச்சாட்டா, தகவலா?"

"இப்போதைக்குத் தகவல்."

"குற்றச்சாட்டுன்னா யாரு, எப்ப, எதைன்னு தெளிவாச் சொல்லணும்."

"யாரு, நீங்க. எப்ப, நான் ஸ்கூலுக்குப் போனதும். எதை, இதுல இருந்ததை. போதுமா?"

போதும்தான். ஜாய்சன் தன் தரப்பைத் தொடங்கினான். சம்பவ நேரத்தில் தான் எலெக்ட்ரானிக் சிட்டியில் இருந்ததாகச் சொன்னான். ராத்திரி முழுக்க ஜாடிக்குக் காவல் நான், பகலில்தான் டியூட்டி மாறுகிறது என்றாள் அவள். ஆவியாகியிருக்கும் என்றான். ஃபிரிட்ஜுக்குள் எந்த ஊர் வெயில் அடித்தது என்று கேட்டாள். மாற்றுச் சாவி வைத்திருக்கும் எதிர்வீட்டு நோராவின் பக்கம் சந்தேகத்தைத் திருப்பினான். நோராவுக்குச் சர்க்கரை, இனிப்பை மோந்து பார்க்கக்கூட டாக்டரைக் கேட்கிறவள் என்று அந்தக் கதவும் சாத்தப்பட்டது.

உடனே எதிர்வழக்குப் போட்டான். "வீட்ல ஊறல் போடறதே தப்பு. போலீஸ் வந்தா முதல்ல உன்னைத்தான் கேப்பாங்க."

"போலீஸ் தேடற ஊறல் குடிக்கறதுக்கு. இது கேக்குக்கு ஊறறது. இதை அதுவா மாத்தினது யாருன்னுதான் கேக்கறேன்."

"இருமல் மருந்துன்னு நினைச்சிருக்கலாம்ல. பொருள் தெரியாமச் செஞ்சா குற்றமில்ல."

"செர்ரி மிதக்கற இருமல் மருந்தா?"

"சரி, அற்பச் சேதம். அதையெல்லாம் சட்டமே கண்டுக்காது. தினம் மூணு மூடிதான்."

"தினமா?"

விரலிடுக்கில் இருந்த கொட்டை வழுக்கி, பருப்பு தனியாகத் தெறித்து விழுந்தது. ஜாய்சனிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு வாதம்.

"முதல் நாள் மட்டும்தான் சொந்தப் புத்தியில குடிச்சேன், மௌரீன். மத்த நாளெல்லாம் முந்தின நாள் போதையில கை தானாப் போச்சு. போதையில இருக்கறவனுக்கு நல்லது கெட்டது எங்க தெரியும்?"

மௌரீன் ஜாடியிலிருந்து ஒரு டம்ளரில் கொஞ்சம் ஊற்றி நீட்டினாள். குடித்தான். ரம்தானே என்றான்.

"திராட்சை ஜூஸ். கிராம்பும் பட்டையும் போட்டுக் காய்ச்சினது."

இந்த வருஷம் கேக் முதியோர் இல்லத்துக்குப் போகிறதாம். அங்கே எல்லாரும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சாராயம் வேண்டாம் என்று சிஸ்டர் சொல்லிவிட்டாராம். பத்து நாளைக்கு முன்பு ரம் ஜாடியை நோராவிடம் கொடுத்துவிட்டு, அதே மாதிரி ஜாடியில் புதிதாக ஜூஸில் ஊறப்போட்டு ஃபிரிட்ஜில் வைத்தாளாம். ஒளித்து வைக்கிறாள் என்றல்லவா அவன் நினைத்தான்.

"அப்ப என் தூக்கம்?" என்றான். பகலில் கண் மூடினால் ஹார்ன் சத்தம் எண்ணுகிறவன், இந்தப் பத்து நாளும் மரக்கட்டையாகக் கிடந்தான்.

"அது உங்க சொந்தத் தூக்கம். நிம்மதியாத் தூங்கறீங்களேன்னுதான் நானும் ஒண்ணும் சொல்லல. இன்னைக்குக் கேக் போடணும், அதான் கேட்டேன்."

ஜாய்சன் டம்ளரைக் கீழே வைத்தான். பிறகு அவனுக்குள் இருந்த லாயர் சார் எழுந்து உட்கார்ந்தார்.

"அப்ப ரம்மே இல்ல. ரம் இல்லாத இடத்துல குற்றம் ஏது? வாக்கும் தவறல. கேஸ் தள்ளுபடி."

மௌரீன் அட்டை கிழிந்த புத்தகத்தை எடுத்து வந்து, காகிதம் செருகியிருந்த பக்கத்தைத் திறந்தாள். அவன் டியூட்டிக்குப் போன ராத்திரிகளில் அவளும் படித்திருக்கிறாள்.

"நகை திருட ஒருத்தன் பெட்டியை உடைக்கறான். திறந்தா நகையே இல்ல. ஆனாலும் முயற்சி செஞ்ச குற்றம் உண்டுன்னு போட்டிருக்கே."

"அது பழைய சட்டம். இப்ப புதுசு வந்தாச்சு."

"புதுசையும் போன்ல பாத்துட்டேன். நம்பர்தான் மாறியிருக்கு. பெட்டி அதே காலிப் பெட்டி."

"அப்ப தங்கவயல்?"

"முயற்சிக்கு முழுத் தண்டனை கிடையாதாம். பாதிதான்."

அவன் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"நாளைக்குக் காலையில ரயில் ஏறுங்க. பாதி வழியில மாலூர் வரும். இறங்கித் திரும்பிடுங்க."

ஜாய்சன் கிண்ணத்தை மடிப்பக்கம் இழுத்து, அடுத்த கொட்டையை எடுத்துப் பிதுக்கினான்.