பலாவும் றம்புட்டானும் பொருத ஒற்றைப் புள்ளடிப் போர்

"விடுங்க! யாரும் கை வைக்காதீங்க!"

இவ்வாறு முழங்கியபடி, சங்க மண்டபத்து நெடுமேசைமீது வேங்கையெனப் பாய்ந்து, எண்ணும் இயந்திரத்தின் வாய் துப்பிய ஒற்றைச் சீட்டை இரு உள்ளங்கைகளாலும் பொத்திக் காத்துக் கிடக்கின்றானே, அவனே நம் காவியத் தலைவன்! முச்சக்கரத் தேரோன், பலாபத்வலச் சந்திக் காவலன், கொண்டையூசி வளைவுகளை ஹார்ன் ஒலியாலேயே அடக்கி ஆண்டோன், முச்சக்கரவண்டி உரிமையாளர் சங்கத்தின் செயலாளன், சசிக்குமார் என்னும் திருநாமம் உடையோன், நீடு வாழ்க!

மிளகுக்கொடி படர் மாத்தளைச் சீமையைக் காக்கும் தெய்வங்களே, அந்தக் கைகள் நழுவாதிருக்க அருளுங்கள். அவற்றின் கீழே கிடப்பது வெறும் தாளன்று, அவனுடைய பதவி!

எப்படி என்கிறீர்களா? சங்கத் தலைவர் தேர்தலில் இனி இயந்திரமே வாக்கெண்ணும் என்று சூளுரைத்து அதைக் கொண்டுவந்தவன் சசிக்குமார். அதற்கெனச் சங்கத்தின் சட்ட யாப்பில் வாளினும் கூரிய விதிகளை வகுத்தவனும் அவனே. வாக்கெடுப்புக்கு முன் எல்லோர் கண்ணெதிரிலும் ஒத்திகைச் சீட்டுகளை ஓட்டிப் பார்க்க வேண்டும். இயந்திரக் கணக்கும் கைக்கணக்கும் இம்மியும் பிசகாமல் பொருந்த வேண்டும். இரு தரப்பும் கையொப்பமிட வேண்டும். பிசகினால் இயந்திரம் வந்த பெட்டிக்கே திரும்பும். "பிசகினா மெசினோட சேர்த்து என்னையும் அனுப்பிடுங்க, செயலாளர் வேலையே வேணாம்!" என்று போன கூட்டத்தில் நெஞ்சில் அறைந்து சபதம் வேறு செய்துவிட்டான்.

ஒத்திகைச் சீட்டில் உண்மைப் பெயர் கூடாது என்பது மற்றொரு விதி. ஆதலால் இரண்டு பழங்களின் படத்தை அச்சிட்டான்: பலா, றம்புட்டான். அதோடு நின்றிருக்கலாம். விதிப்படி அவனே புள்ளடி என்னும் பெருக்கல் குறியை இட வேண்டிய சீட்டுகளை, ஆர்வம் தலைக்கேற, ஆளுக்கொன்றாக உறுப்பினர் கையில் கொடுத்து, "சும்மா ஒன்னு போடுங்க" என்றானே, அங்கேதான் ஊழ் கண் விழித்தது!

தலைவர் நாற்காலிமேல் கண் வைத்திருந்த இருவரும் சீறி எழுந்தனர். தாடி வருடும் தகைமையாளன், "கை இருக்க மெசின் என்னத்துக்கு?" என்று இயந்திரத்தை ஆதிமுதல் எதிர்த்த ஹாஷிம், பலாப் படைக்குத் தலைமை தாங்கினான். யட்டவத்தையிலிருந்து நாள்தோறும் தனித் தேரோட்டி வரும் வீராங்கனை, இயந்திரத்துக்கு முதல் ஆதரவுக் கை தூக்கிய ரஜனி, றம்புட்டான் கொடியை ஏந்தினாள்.

"பஞ்ச காலத்துல ஊரையே காப்பாத்தினது எது? பலா! றம்புட்டான உரிச்சா உள்ள இருக்கிறது கொட்டை!" என்று கர்ஜித்தான் ஹாஷிம்.

"ஒரு பலா வெட்ட கத்தி வேணும், எண்ணெய் வேணும், ரெண்டு ஆம்பளை வேணும், பொறவு மூனு நாளைக்கு கையில பிசினு! போங்க ஹாஷிம் நானா, எங்க றம்புட்டான சிக்னல்ல நிக்கிற நேரத்துல தின்னு முடிச்சிடலாம்!" என்று முழங்கினாள் ரஜனி.

கைதட்டல் இடியென அதிர்ந்தது. தேநீர்க் கோப்பைகள் நடுங்கின. உறவினர் உறவினரை மறந்து, பக்கத்து வண்டிக்காரன் பக்கத்து வண்டிக்காரனைப் பகைத்து, பழத்தின் பெயரால் இரண்டாகப் பிளந்து புள்ளடியிட்டனர். மின்விசிறியின் கீழே, ஓய்வுபெறப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்த இப்போதைய தலைவர் நல்லையா மட்டும் எதிலும் சேராமல் வடையைப் பிட்டுக்கொண்டிருந்தார்.

இயந்திரம் சீட்டுகளை விழுங்கி விழுங்கித் தீர்ப்பளித்தது: பலா ஒரே ஒரு வாக்கால் முன்னணி. ஒரு சீட்டை மட்டும் அது உண்ண மறுத்து வெளியே தள்ளியது. அதன்மேல்தான் நம் தலைவன் பாய்ந்து கிடக்கின்றான்.

அந்தச் சீட்டில் புள்ளடி இருந்தது. ஆனால் கட்டத்துக்குள் இல்லை. அன்பு மிகுதியால் றம்புட்டான் படத்தின் நெற்றியிலேயே கிடந்தது!

"பழத்து மேலயே போட்டிருக்காங்களே, இதைவிட தெளிவா எப்படிங்க சொல்றது? கையால எண்ணுங்க! மெசினுக்கு கண்ணு தெரியல!" என்று ஆர்ப்பரித்தாள், நேற்றுவரை இயந்திரத்தைப் போற்றிய ரஜனி.

"மெசினு பொய் சொல்லாது தங்கச்சி! அதுக்கு சொந்தமா, பந்தமா?" என்று மார்தட்டினான், நேற்றுவரை அதைத் தூற்றிய ஹாஷிம்.

கைக்கணக்கில் அந்தச் சீட்டு செல்லுமானால் இரண்டு கணக்கும் முரண்படும். இயந்திரம் பெட்டி ஏகும். சசிக்குமார் வீடு ஏகுவான். ரஜனி சீட்டின் ஒரு முனையைப் பற்றினாள். ஹாஷிம் மறுமுனையைப் பற்றினான். பாற்கடலைக் கடைந்த தேவரும் அசுரரும்போல இருபுறமும் இழுக்க, நடுவில் மந்தர மலையாய் விழி பிதுங்கிய சசிக்குமார், எஞ்சிய மூச்சையெல்லாம் திரட்டிப் பிரகடனம் செய்தான்:

"ரஜனி அக்கா! கட்டத்துக்கு வெளிய போட்டா கையால எண்ணினாலும் செல்லாதுன்னு விதி இருக்கு. அந்த விதிக்கு மொதல்ல கை தூக்கினது நீங்க!"

விசிறியும் ஒரு சுற்று தயங்கியதுபோல் இருந்தது. ரஜனியின் விரல்கள் மெல்லத் தளர்ந்தன.

"தூக்கினேன்தான்," என்றாள். "தூக்கின கைய நானே ஒடிச்சிக்கிறதா? குடுங்க பேனாவ. தோத்தது றம்புட்டான், நான் இல்ல."

வாழ்க மாதரசி! அவள் ஒப்பமிட்டாள். ஹாஷிமும் ஒப்பமிட்டு, தான் பழித்த இயந்திரத்தின் கழுத்தில் கதம்ப மாலையொன்றைச் சூட்டி, கண் கசிந்தான். பதவி பிழைத்த நம் தலைவன் தோள்கள் பூரிக்க நிமிர்ந்து, மெய்யான வாக்குகளை விழுங்கி வரலாறு படைக்கப் பசித்து நின்ற அந்த இரும்புத் திருவாயைத் தடவிக்கொடுத்து, "இனி தேர்தல் தொடங்கட்டும்!" என்று திசையெட்டும் அதிர அறைகூவினான்.

வேட்புமனு ஏற்கும் நேரம் பன்னிரண்டு மணியோடு முடிந்துவிட்டதாலும், நல்லையாவைத் தவிர வேறு யாரும் மனுக் கொடுக்காததாலும், அன்றைக்கு வாக்கெடுப்பு நடக்கவில்லை.