தொடங்கிய வருடம் இரண்டு

அன்று அந்த மேசையில் இருந்தவர்கள்: நான், அப்பா, எங்கள் ஊர்க் குடியுரிமைக் குழுவைச் சேர்ந்த மூன்று பேர். அம்மா இல்லை. "முதல் நீங்கள் ரெண்டு பேரும் தப்பி வாங்கோ, நான் பிறகு பாக்கிறன்" என்று விண்ணப்பமே போடாமல் வீட்டில் இருந்துவிட்டார்.

சுவிட்சர்லாந்தில் வில் என்ற நகருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர், 2011. சுவிஸ் பாஸ்போர்ட்டுக்கான நேர்காணல். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான் (அதனால் கேட்டதைவிடக் கூடுதலாக விடை சொல்லும் வியாதி உண்டு). அப்பாவுக்கு வேறு வியாதி. அகதி விசாரணையில் ஒரு திகதியை மாற்றிச் சொன்னதற்காக ஆறு வருடம் காத்திருந்தவர். யாராவது பேனாவை எடுத்தாலே நிமிர்ந்துவிடுவார்.

பொழுதுபோக்கு என்ன என்று கட்டாயம் கேட்பார்கள். கிரிக்கெட் என்றால் 'இன்னும் இங்கே ஒட்டவில்லை' என்று எழுதுவார்களோ? சுவிஸ் மல்யுத்தம் என்றால் பொய் என்று பிடிப்பார்களோ? இரண்டுக்கும் தூரமாக அமெரிக்கன் ஃபுட்பாலைத் தெரிவு செய்தேன். ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. ஆனால் ஒரு தொழில்முறை அணியின் வரலாற்றை மூன்று கிழமை பாடமாக்கினேன்.

குழுத் தலைவி பிஸ்கட் தட்டை எங்கள் பக்கம் தள்ளினார். அதுவும் சோதனையோ என்று நாங்கள் தொடவில்லை. பிறகு எதிர்பார்த்த கேள்வியைக் கேட்டார். நான் ஒப்பிக்கத் தொடங்கினேன்.

"முதலில் ஒரு துறைமுக நகரத்தில் இருந்தார்கள். அங்கே நிலைக்க முடியவில்லை. வேறு மாநிலத்துக்குப் போய்ப் பெயரை மாற்றினார்கள். பழைய ஊர் வழக்குப் போட்டு, பழைய பெயரும் வரலாறும் தனக்கே என்று வாங்கிவிட்டது. அதனால் அவர்களுக்குத் தொடங்கிய வருடம் இரண்டு."

"அப்படியானால் எது சரியான வருடம்?" என்று தலைவி ஆர்வமாகக் கேட்டார். செயலாளர் பேனாவை எடுத்தார்.

அப்பாவின் ஜெர்மனுக்கு விளையாட்டு விளங்காது. ஊர் மாறியது, பெயர் மாறியது, வழக்கு, இரண்டு திகதி எல்லாம் நன்றாக விளங்கும். மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார்.

"ஆரடா அவங்கள்?"

"ஃபுட்பால் ஆக்கள், அப்பா."

"அப்பிடித்தான் முதல் சொல்லுவாங்கள். உனக்கு அவங்களோட என்ன தொடர்பு?"

நான் வாய் திறக்குமுன் எழுந்து நின்று ஜெர்மனில் முழங்கினார்: "என் மகனுக்கு அந்த ஆட்களைத் தெரியாது! ஒருநாளும் பார்த்ததே இல்லை!"

(முழு உண்மை. அதுதான் பிரச்சினை.)

தலைவி என் பக்கம் திரும்பினார். "ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லையா?"

"இல்லை."

"பிறகு எப்படி இது உங்கள் பொழுதுபோக்கு?"

நான் பிஸ்கட் தட்டுக்குக் கை நீட்டினேன். அப்பாவோ தன் பிறப்புச் சான்றிதழை மேசையில் விரித்து, "ஒரு பேர், ஒரு திகதி" என்று விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

'விண்ணப்பதாரர்களின் கூற்றுகளில் தெளிவில்லை. ஒரு வருடம் கழித்து மீண்டும் நேர்காணல்' என்று கடிதம் வந்தது. கதையைக் கேட்ட அம்மா அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்: "ஊர் விட்டு ஊர் போனவங்களை நம்பாத ஆளைப் பாருங்கோவன்!" இன்றும் சொந்தத்தில் யாராவது வீடு மாறினால், "பேரும் மாத்திறியளோ?" என்றுதான் விசாரிப்பார்.

இரண்டாம் முறை பொழுதுபோக்கில் பொய் வேண்டாம் என்று, அப்பாவும் நானும் அந்த வருடம் முழுக்க, ஞாயிறு தவறாமல், ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே மலை ஏறினோம். பாஸ்போர்ட் கிடைத்தது. மறு நேர்காணலுக்கு 250, மலைச் சப்பாத்து இரண்டு சோடிக்கு 378. ஆக மொத்தம் 628 பிராங்க்.