வரிசையில் நின்ற ஸலாம்

கூச்சக்காரர்களைத் தண்டிக்க வேண்டுமென்றால் பெரிதாக ஒன்றும் செய்யத் தேவையில்லை, கையில் ஒரு போனைக் கொடுத்தால் போதும். நான் என்னைப் பற்றித்தான் சொல்கிறேன். மற்றப் பக்கத்தில் ஆம்பிளைக் குரல் கேட்டால் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொள்வேன். (அவருக்குத் தெரியவா போகுது.) ஏதாவது கேட்டால் தலையை ஆட்டுவேன். தலையாட்டுவது கேட்காது என்று மகள் நஸ்மியா கொழும்பிலிருந்து சொல்லும்போது, சரி என்று அதற்கும் தலையாட்டுவேன். படிப்பு அஞ்சாம் வகுப்போடு நின்றது. எழுதி அனுப்பலாம் என்றால் ஒரு வரி முடிவதற்குள் ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறிவிடும்.

நஸ்மியாவுக்கு போனுக்குள் ஓடுகிற ஆப் செய்வதுதான் உத்தியோகம். என் நிலைமையைப் பார்த்து எங்கள் குடும்பத்துக்கென்றே ஒன்றைச் செய்தாள். அது மூன்று போன்களில் மட்டும் இருந்தது: என்னுடையது, அவளுடையது, என் மகன் பாரிஸுடையது. பிள்ளையின் படத்தைத் தொட்டால் பச்சை வட்டம் ஒன்று வரும். வட்டத்தைத் தொட்டுப் பேச வேண்டும், பேசி முடிந்ததும் இன்னொருமுறை தொட வேண்டும். அவ்வளவுதான். அது அவர்களுடைய போனுக்குப் போய்த் தானாகவே சத்தமாகப் பேசும். அவர்கள் பதில் சொன்னால் என் போனும் அப்படியே பேசும்.

ஒருநாள் வட்டத்தைத் தொட்டும் அது அசையவில்லை. ஏனென்று கேட்டேன். நஸ்மியா பொறுமையாக விளக்கினாள். போனுக்கென்றே சொந்தமாக ஒரு சுற்று இருக்கிறதாம். அதில் ஒரே ஒரு ஆள் சுற்றிச் சுற்றி வருகிறானாம். செய்யவேண்டிய வேலையெல்லாம் அவனுக்கு முன்னால் வரிசையில் நிற்குமாம். முன்னுக்கு நிற்கிறதை எடுப்பான், முடிப்பான், திரும்பி வந்து அடுத்ததை எடுப்பான். அவளுடைய ஆப்பும் தன் வேலையைக் கொண்டுபோய் அந்த வரிசையில்தான் வைக்க வேண்டும். நான் விரலால் தொடுவதுகூட ஒரு வேலையாகப் போய் வால்பக்கம் நிற்குமாம். கந்தூரி விருந்துச் சமையலில் எல்லாச் சட்டிக்கும் ஒரே பண்டாரி நின்று ஆக்குகிற மாதிரி என்று நான் எடுத்துக்கொண்டேன். ஓமென்று தலையாட்டினேன்.

ஆனால் அவளுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. எங்கள் வீட்டில் ஸலாம் சொல்லாமல் பேச்சைத் தொடங்குவதில்லை. ஸலாம் சொன்னால் பதில் வரவேண்டும், பதில் வந்த பிறகுதான் விஷயம். ஆகவே நான் வட்டத்தைத் தொடுவேன், ஸலாம் சொல்வேன், வட்டத்தைத் தொட்டுவிட்டுக் காத்திருப்பேன். பாரிஸ் பதில் ஸலாம் சொன்ன பிறகு திரும்பத் தொட்டு விஷயத்தைச் சொல்வேன். நல்ல நாட்களில் அவன் உடனே பதில் சொல்லிவிடுவதால், நான் இப்படிச் செய்கிறேன் என்பது ஒருவருக்கும் தெரியவில்லை.

பிறகு எங்கள் பக்கத்தில் கலவரம் வந்தது.

பாரிஸ் முதல்நாள் மரக்கறி ஏற்ற லொறியோடு தம்புள்ளைக்குப் போயிருந்தான். காலையில் எங்கள் ஊர் கட்டுகஸ்தோட்டை முழுக்கக் கதவுகள் சாத்திக் கிடந்தன. ஊரடங்குச் சட்டம். மலைக்கு அந்தப் பக்கம் புகை எழும்பியது. எங்கே எரிகிறது என்று ஆளுக்கொரு ஊரின் பெயரைச் சொன்னார்கள். மாத்தளை ரோட்டில் ஆட்கள் கம்புகளோடு நின்று வாகனங்களை மறித்து முஸ்லிம் ஆட்களைத் தேடுகிறார்கள் என்று பக்கத்து வீட்டு பாத்துமா ராத்தா பின்மதிலால் எட்டிச் சொன்னா. என் மகன் வருவது அந்த ரோட்டால்தான்.

அவனை வராமல் நிறுத்த வேண்டும். போன் கோல் எடுத்தால் போகவில்லை. இன்டர்நெட்டை வெட்டிவிட்டார்கள் என்றார்கள். ஆனால் இடைக்கிடை நூல் மாதிரி வந்து வந்து அறுந்தது. நான் ஆப்பைத் திறந்து வட்டத்தைத் தொட்டு, "அஸ்ஸலாமு அலைக்கும் மகன்" என்றேன். காத்திருந்தேன். பதில் இல்லை. திரும்பவும் ஸலாம். திரும்பவும் காத்திருந்தேன். (விஷயத்தைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். இப்போது எல்லாருக்கும் அது தெரிகிறது.) துஆ ஓதினேன், ஸலாம் சொன்னேன், அடுப்பை அணைத்தேன், ஸலாம் சொன்னேன். எத்தனை தரம் என்று எனக்கே தெரியாது.

ஒருமுறை வட்டத்தைத் தொட்ட உடனே பாத்துமா ராத்தா திரும்பவும் கூப்பிட்டா. போனைக் குசினி யன்னலில் வைத்துவிட்டு அதற்கு நேரே இருக்கிற மதிலடிக்குப் போனேன். எனக்கு ஒரு வியாதி உண்டு: சும்மா நாட்களில் வாயே திறக்க மாட்டேன், பயம் வந்தால் மட்டும் மூட மாட்டேன். அன்றைக்கு என்ன பேசினேன் என்று எனக்கே நினைவில்லை. போனுக்கு எல்லாம் நினைவிருந்தது.

திரும்பி வந்து வட்டத்தைத் தொட்டேன். கடைசியில், பாவமென்றால் பாவம் என்று, வாழ்க்கையில் முதல்தடவையாக ஸலாமை விட்டுவிட்டு, திரும்ப வட்டத்தைத் தொட்டு விஷயத்தை மட்டும் சொன்னேன்.

மருமகள் சிஹானா யன்னல் திரையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். ஒன்றும் சாப்பிடவில்லை. நான் தேத்தண்ணி கொடுத்தேன், வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

அசர் தொழுகைக்குப் பிறகு பின்கதவு தட்டுப்பட்டது. நான் சிஹானாவுக்குப் பின்னால் போய் நின்றேன். யாரென்று அவள் கேட்டாள். பாரிஸ்தான். உடம்பெல்லாம் சேறு, ஒரு காலில் செருப்பு இல்லை. உள்ளே வந்தவன் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான்.

"உம்மா, உங்களுக்கு ஒண்டுமில்லையா?"

"எனக்கென்ன மகன், நல்லாத்தான் ஈக்கிறேன்."

அவன் அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டான்.

அவனுக்குக் கிடைத்ததெல்லாம் என் ஸலாம் மட்டும்தான். இன்டர்நெட் வரும்போதெல்லாம் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. வேறொரு சொல்லும் இல்லை. மூச்சடங்கப் போகிறவள் மகனிடம் விடைபெறுகிற மாதிரி இருந்ததாம். அவனுடைய பக்கத்திலிருந்து பதில் ஒன்றும் போகவில்லை, கோல் எடுத்தும் கிடைக்கவில்லை. லொறியை மாத்தளையில் ஒரு கூட்டாளி வீட்டில் விட்டுவிட்டு, தெரிந்த ஒருவருடைய கோவா மரக்கறி வண்டியில், மூட்டைகளை மூடிய படங்குக்கு அடியில் படுத்து வந்திருக்கிறான். வழியில் அலவத்துகொடைக்குக் கிட்ட வண்டியை மறித்திருக்கிறார்கள். ஆட்கள் சுற்றி நின்று டிரைவரிடம் கேள்வி கேட்கும்போது, அவனுடைய பொக்கெட்டுக்குள் என் ஸலாம் பேசத் தொடங்கியிருக்கிறது. நிறுத்த முடியவில்லை. அவன் போனைக் கோவா மூட்டைகளுக்குள் புதைத்து அதன்மேல் நெஞ்சை வைத்துப் படுத்துக்கொண்டானாம். வண்டியை விட்ட பிறகு ஊருக்குக் கிட்ட இறங்கி, வயலுக்குள்ளால் ஓடி வந்தானாம்.

"உங்கட குரல் சின்னக் குரலா போனதால நான் தப்பினேன்" என்றான்.

சிஹானா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். இந்த நேரம் பார்த்துத்தான் அறுந்த நூல் ஒட்டிக்கொண்டது. மேசையில் கிடந்த பாரிஸின் போன் வாயைத் திறந்தது.

ஸலாம் அல்ல, மதிலடிப் பேச்சு. அந்த நீளமான பேச்சு முழுநாளும் முன்னால் போகமாட்டாமல் நின்று இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது. என் குரல் மணிமணியாகச் சொன்னது: மருமகள் சுடுகிற ரொட்டியை அடுக்கினால் வீட்டுக்கு ஓடு வாங்கத் தேவையில்லை. சம்பந்தி ராத்தா போன பெருநாளைக்கு வந்து வட்டிலாப்பம் சரியில்லை என்று சொல்லிச் சொல்லியே சட்டியை வழித்துத் தின்றுவிட்டா. பாரிஸ் லொறி ஓட்டுகிற ஆம்பிளைதான், பல்லியைக் கண்டால் கதிரையில் ஏறி நிற்பான்.

நான் பாய்ந்து நிறுத்துகிற பட்டனை அமத்தினேன். பாரிஸும் அமத்தினான். போன் கேட்கவில்லை. (அந்த ஒரே ஆள் பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்கிறான், நாங்கள் அமத்துவதெல்லாம் அவனுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறது என்று பிறகு நஸ்மியா சொன்னாள். பேச்சை ஒலிக்கவைக்கிற வேலையைச் சுற்றுக்கு வெளியே வைத்திருக்க வேண்டுமாம், அது அவளுடைய பிழையாம். அன்றைக்கு அந்தப் பிழையைச் சொல்ல அவள் பக்கத்தில் இல்லை.) நான் போனைத் தண்ணீர் வாளியில் போடுவதா என்று பார்த்தேன். சிஹானா அதைக் கையில் எடுத்தாள்.

"இரிங்கோ மாமி. கேட்டு முடிப்பம்."

நான் அலுமாரிக்குப் பின்னால் போய் நின்றேன். என் பேச்சு முடியவே இல்லை. இவ்வளவு பேசுவேன் என்று எனக்கே தெரியாது. சட்டென்று அது நின்றது. அதற்குப் பின்னால் வரிசையில் நின்றது வந்தது.

"மகன், வராதீங்க. அங்கயே நில்லுங்க. ரோட்டில ஆக்கள் நிக்கிறாங்களாம். நீங்க வராட்டி நான் கோவிக்க மாட்டேன். வராதீங்க மகன்."

பாரிஸ் எனக்கு முன்னால் சேறு வழிய உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். முதலில் சிரித்தது சிஹானாதான். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது எல்லாம் சேர்ந்து வந்தது. அழுதுகொண்டே என்னிடம், "ரொட்டி அவ்வளவு மோசமா மாமி?" என்று கேட்டாள். நான் வழக்கம்போல் தலையை ஆட்டினேன். அதன் பிறகுதான் எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று யோசித்தேன்.

நஸ்மியா அந்த ஆப்பைப் பிரித்துத் திரும்பக் கட்டினாள். நீளமான பேச்சைத் துண்டு துண்டாக்கி அனுப்புகிறதாம், நிறுத்தச் சொன்னால் உடனே நிற்கிறதாம். அவசரத்துக்கென்று சிவப்பு வட்டம் ஒன்றும் வைத்தாள். அது வரிசையில் எல்லாரையும் முந்திப் போகுமாம். அதைத் தொடுவதற்கு முன்னால் ஸலாம் வேண்டாம் என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள்.

இப்போதும் பாரிஸ் தம்புள்ளையிலிருந்து புறப்பட்டேன் என்று சொன்னால், பேரப்பிள்ளைகள் முதற்கொண்டு முழு வீடும் என் குரலைப் போலச் சின்னதாக்கி, "வராதீங்க மகன்" என்று ஒன்றாகச் சொல்லும். கல்யாண வீடுகளில் சிஹானா இந்தக் கதையைச் சொல்லும்போது, கூட்டம் சேரட்டும் என்று காத்திருந்து தொடங்குவாள். நானும் முந்தானையால் வாயை மூடிச் சிரிப்பேன். ஆனால் அவனுடைய லொறி ரோட்டிலிருந்து எங்கள் ஒழுங்கைக்குள் திரும்புகிற வரைக்கும் நான் யன்னலடியில் நிற்பேன். அதை மட்டும் ஒருவரும் பகிடி பண்ணுவதில்லை. சிஹானாவும் வந்து பக்கத்தில் நிற்பாள்.