நார்மல் என்றால் என்னவென்று கேட்டு

அன்புள்ள அக்காவுக்கு, உன் தம்பி பணிந்து எழுதுவது. நலம் விசாரிக்க எனக்கு இப்போது நிதானமில்லை. நீயும் அத்தானும் சுகமாக இருப்பதாக நானே வைத்துக்கொள்கிறேன்.

காலையில் மகளைப் பிரசவ வார்டில் சேர்த்தாயிற்று. டாக்டருக்குப் பதினோரு தடவை போன் செய்தேன் என்று மாப்பிள்ளை என் போனைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். அதனால் ஸ்கேன் கவரைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதுகிறேன்.

இங்கே ஒரு நர்ஸ் இருக்கிறாள். அவளுக்குத் தெரிந்த ஒரே வார்த்தை நார்மல். குழந்தை உதைக்கிறதே என்றால் நார்மல். உதைப்பதை நிறுத்திவிட்டதே என்றால் அதுவும் நார்மல். வலி வரவில்லை, நார்மல். வந்துவிட்டது, மகள் வார்டே அதிரக் கத்துகிறாள், ரொம்ப நார்மல். "என்னம்மா, எல்லாத்துக்கும் இதையே சொன்னா எப்படி?" என்று கேட்டே விட்டேன். "முதல் பிரசவத்துல அப்பாக்கள் இப்படிப் பதறுறது நார்மல்தான் சார்" என்கிறாள். என்னையும் அதில் சேர்த்துவிட்டாள்! எதிர் பெஞ்சுப் பெரியவர் வேறு, காபியா டீயா என்பது போல, "நார்மலா, ஆபரேஷனா?" என்று விசாரிக்கிறார்.

முப்பத்திரண்டு வருடம் கடை கடையாக ஏறித் தராசு சோதித்தவன் நான். தராசு என்றால் ஒன்று சரி, இல்லாவிட்டால் தப்பு. எந்தக் கடைக்காரனாவது "நம்ம தராசு நார்மல் சார்" என்றிருந்தால் அங்கேயே பறிமுதல் செய்திருப்பேன். மாப்பிள்ளை சிலை மாதிரி உட்கார்ந்திருக்கிறார், எனக்கோ உட்கார முடியவில்லை, நடந்தால் தரை துடைக்கிற அம்மா "ஈரத்துல நடக்காதீங்கய்யா" என்று சத்தம் போடுகிறாள், நின்றால் தள்ளுவண்டி இடிக்கிறது, பொறுக்கமாட்டாமல் ஒரு கதவைத் திறந்தேன், அது துணி அலமாரி, போர்வையெல்லாம் என் தலைமேல் சரிந்தது. மடித்து அடுக்க வந்த நர்ஸ் என்ன சொன்னாள் என்று நான் எழுதத் தேவையில்லை.

உன்னிடம் மறைப்பானேன் அக்கா. மகளைப் பெற்ற அன்று அவள் அம்மாவுக்கும் கடைசிவரை இதையேதான் சொன்னார்கள். நானும் நம்பி, பெஞ்சில் தூங்கிவிட்டேன்; எழுப்பியபோது அவள் இல்லை. இன்று நம்பமாட்டேன். பயமாக இருக்கிறது.

ஆகவே இதைக் கண்டதும் கிளம்பி வா. தபால் வந்து சேர மூன்று நாளாகுமே என்று யோசிக்காதே, அதற்காகத்தான் மேலே 'அவசரம்' என்று பெரிதாக எழுதப்போகிறேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து, அந்த வார்த்தையே தெரியாத ஆஸ்பத்திரியாகப் பார்த்து மகளை மாற்றிவிடலாம்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உங்கள் ஆசீர்வாதம் எல்லாவற்றையும் இந்தப் பக்கம் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
நிற்க இடமில்லாத தம்பி

பி.கு.: மேலே எழுதிய எதையும் கண்டுகொள்ளாதே. ஆஸ்பத்திரி மாற்ற வேண்டாம். நர்ஸ் குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தாள். "பேத்தி சார்! எவ்வளவு அழகு பாருங்க, உங்க மூக்கை அப்படியே உரிச்சு வெச்சிருக்கா" என்றாள். "அழகெல்லாம் இருக்கட்டும்மா, என் பொண்ணு எப்படி இருக்கா? நார்மலா? அதைச் சொல்லு முதல்ல" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னாள். கண்ணீர் என் கண்ணை மறைத்துவிட்டது. இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன்.