முள்ளிப்பட்டுக்குப் போன புகை

ஆரணி,
12.3.2009, வியாழக்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் அருணகிரி அவர்கள் சமூகத்துக்கும், அக்கா அபிதகுசாம்பாள் அவர்களுக்கும் தங்கள் தங்கை வீட்டுக்காரன் குப்புராஜ் கைகூப்பி எழுதிக்கொண்டது.

இங்கே நானும், உங்கள் தங்கை பரிமளாவும், சாயப் பட்டறையும், புதிதாக வந்து சேர்ந்த பூனை ஒன்றும் அதன் குட்டிகள் மூன்றும் ஆண்டவன் புண்ணியத்தில் சௌக்கியமாக இருக்கிறோம். அங்கே உங்கள் இருவர் சுகத்தையும், உங்கள் முழங்கால் வலி எந்த மட்டில் இருக்கிறது என்பதையும் தெரியப்படுத்தவும். உங்கள் வீட்டில் தங்கிப் படிக்கும் என் மகள் பானுப்ரியாவின் சுகத்தை நான் கேட்கப் போவதில்லை. அப்பன் போன் பண்ணினால் எடுக்காத பெண்ணின் சுகத்தை அப்பன் எதற்குக் கேட்க வேண்டும்? சளி விட்டதா என்பதை மட்டும் எழுதவும்.

விஷயத்துக்கு வருகிறேன். எம்.பி.ஏ. சேர்ந்த பெண் பேங்க், எக்ஸ்போர்ட் என்று நாலு பேருக்குப் புரிகிற மாதிரி ஏதாவது எடுத்துப் படிக்கும் என்று நான் நிம்மதியாக இருந்தேன். நீங்கள்தான் மச்சான், "காலம் மாறிகினு வருது குப்புராஜ், இனிமே கம்பெனிங்க விடற புகைக்கும் வருஷா வருஷம் ரிப்போர்ட் குடுக்கணும், அதை எழுதத் தெரிஞ்ச ஆளுங்க நாட்டுலயே கொஞ்சம் பேருதான்" என்று சொல்லி, கார்பன் கணக்கு என்கிற பாடத்தில் அதைத் தள்ளிவிட்டீர்கள். பெண் என்ன படிக்கிறது என்று இங்கே எவனாவது கேட்டால் நான் படுகிற பாடு உங்களுக்குத் தெரியாது. புகைக்குக் கணக்கு எழுதப் படிக்குது என்றால், நூல் கடை முருகேசன் சிரிக்கிறான். "எழுதினா புகை நின்னுடுமாய்யா?" என்கிறான். வேலூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பையனின் அப்பா பாலாற்றங்கரையில் தோல் வேலை பார்க்கிறவர். பெண் படிப்பைக் கேட்டதும் அவர் முகம் செத்துப்போய், "பொல்யூஷன் ஆபீசுங்களா?" என்று கேட்டுவிட்டு, பாதி காபியோடு எழுந்து போனவர்தான், இன்னும் ஜாதகத்தைக்கூடத் திருப்பி அனுப்பவில்லை.

இதெல்லாம் போகட்டும் என்று நான் பொறுத்துக்கொண்டேன். ஜனவரி கடைசியில் பெண் இங்கே வந்து, "அப்பா, எனக்கு ப்ராஜெக்ட்டுக்கு நம்ம பட்டறைதான். பிப்ரவரி மாசம் பூரா நீ எவ்வளவு விறகு போடற, எவ்வளவு கரன்ட், எவ்வளவு பெட்ரோல்னு தினம் எழுதணும். அதை வெச்சி நான் ரிப்போர்ட் பண்ணுவேன். அது நல்லா வந்துச்சின்னா பெங்களூர்ல ஒரு கம்பெனி வேலைக்கு எடுத்துக்கறேன்னு சொல்லிகினு இருக்கு" என்று சொல்லி, அட்டை போட்ட நோட்டு ஒன்றைக் கொடுத்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. இருபத்தெட்டு வருஷமாகப் பட்டுக்குச் சாயம் போடுகிறேன், பட்டறையை ஒருவரும் பாடமாக எடுத்ததில்லை.

ஆனால் உட்கார்ந்து விளக்கம் சொன்னது பாருங்கள், அங்கேதான் எனக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. ஒரு கிலோ விறகை எரித்தால் ஒன்றே முக்கால் கிலோ கரியமில வாயு வருமாம். மச்சான், நம் தொழிலில் எடை குறையும், ஏறாது. ஒரு கிலோ கச்சாப் பட்டை வேகவைத்துப் பசை எடுத்தால் முக்கால் கிலோதான் மிஞ்சும், ஊரறிந்த விஷயம். பட்டை நிறுத்துக் கொடுக்கிறோம், சேலையை நிறுத்து வாங்குகிறோம். போனதைவிட எடை கூடி வந்தால் என்ன அர்த்தம்? நெய்கிறவன் பட்டை எடுத்துக்கொண்டு சேலையை ஈரத்தில் வைத்து எடை ஏற்றிவிட்டான் என்று அர்த்தம். நான் அதையேதான் சொன்னேன். "பாப்பா, உங்க சாரை எவனோ ஏமாத்திகினு இருக்கான், அந்தப் புகையில ஈரம் இருக்கு, நல்லா காயவெச்சி நிறுத்தச் சொல்லு" என்றேன். அது, எரியும்போது காற்றிலிருந்து ஆக்சிஜன் சேர்ந்துகொள்ளும், அதன் எடைதான் என்றது. சரி, காற்றின் எடையைக் காற்றின் பேரில் எழுது, என் பேரில் ஏன் எழுதுகிறாய் என்று கேட்டேன். பெண் பேனாவை மூடி வைத்தது. பிறகு, விறகுப் புகைக்கு ரிப்போர்ட்டில் தனிப் பக்கம் உண்டு, ஆனாலும் உள்ளதை உள்ளபடி எழுதத்தான் வேண்டும், "ஒரு கிலோகூட மாத்தாத, என் பேரு அதுல இருக்கு" என்று மூன்று தரம் சொல்லிவிட்டு மெட்ராஸ் பஸ் ஏறியது.

ஏறியதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மச்சான், சாயப் பட்டறைக்காரன் வயிற்றில் ஒரு பயம் நிரந்தரமாகக் குடியிருக்கிறது. பேன்ட் போட்டவர் யாராவது நோட்டோடு வந்து நின்றால், தண்ணீரா, புகையா, எதைக் கேட்டாலும் பாதியைச் சொல்லு என்பதுதான் எங்கள் கைக்கும் வாய்க்கும் பழக்கம். அதுவும் இது பெங்களூருக்குப் போகிற கணக்கு. இந்தப் பெண்ணோட அப்பன் இவ்வளவு புகை விடுகிறானா, இவளை எப்படி வேலையில் வைப்பது என்று அவர்கள் யோசித்துவிட்டால்? நோட்டில் பொய் எழுதவும் மனசு வரவில்லை, பெண் மூன்று தரம் சொல்லியிருக்கிறது. அதனால் பொய்யே இல்லாமல் புகையைக் குறைக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். அடுப்பையே மூட்டவில்லை.

சாயம் நிற்கவில்லை, அடுப்பைத்தான் மாற்றினேன். முள்ளிப்பட்டில் என் சித்தப்பா மகன் தனகோடிக்கு ஒரு பட்டறை இருக்கிறதல்லவா, பட்டை எல்லாம் டி.வி.எஸ். 50-இல் கட்டி அங்கே எடுத்துப்போய், அவன் அடுப்பில் கொதிக்கவைத்து, அவன் தொட்டியில் சாயம் போட்டு, சாயந்திரம் ஈரத்தோடு எடுத்துவந்தேன். காலையில் ஒரு நடை, சாயந்திரம் ஒரு நடை. தனகோடி கறாரான ஆள். "சொந்தக்காரன்னாலும் விறகு விறகுதாண்ணா, போட்டதைப் போட்டபடி திருப்பிக் குடுத்துடணும்" என்று, தினமும் நான் எரித்த விறகை நிறுத்துச் சுவரில் கரிக்கட்டியால் எழுதிக்கொண்டே வந்தான். என் நோட்டில் பிப்ரவரி மாதம் முழுவதும் விறகு நாற்பது கிலோ. அது உங்கள் தங்கை வீட்டு அடுப்பில் வெந்நீர் போட்டது. பெட்ரோலை எழுதவில்லை. அது பட்டறைக்குள் எரியவில்லையே, ரோட்டில்தானே எரிந்தது என்று விட்டுவிட்டேன்.

அவன் அடுப்பு என்ன அடுப்பு என்கிறீர்கள்! வாய் இவ்வளவு அகலம், சூடு பாதி வெளியே போகும். அளவாக எரிக்கத் தெரியாமல், செய்யாற்றுக் கல்யாணப் பார்ட்டிக்கு அரக்குக் கலரில் போட வேண்டிய ஏழு சேலைக்கான பட்டு கத்தரிப்பூக் கலரில் வந்து தொலைந்தது. நான் அதையும் சகித்தேன். மகளுக்காகச் சகித்தேன்.

அப்புறம்தான் பேஜார். மார்ச் ஒன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பெண் சொல்லாமல் கொள்ளாமல் அதன் மேடத்தையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கியது. கணக்கு எழுதினால் மட்டும் போதாதாம், இன்னொருவர் வந்து நேரில் சரிபார்க்க வேண்டுமாம். எழிலரசி மேடம் என்று பேர். மெட்ராஸ் காலேஜ் மேடம்தானே, விறகைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று நான் தெம்பாக இருந்தேன். பார்த்தால் கலசப்பாக்கத்துப் பக்கம், சின்ன வயசில் அம்மாவோடு விறகு வெட்டப் போன பெண்மணி. கட்டையை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "வேலிகாத்தான். வெட்டி ஒன்றரை மாசம் ஆச்சி. இந்த அடுக்குல கையே வெக்கலியே, சிலந்தி கூடு கட்டியிருக்குது" என்றார். நான் இருமினேன்.

பிறகு நோட்டைப் பார்த்தார். சாயம் போட்ட பட்டு நாற்பத்தெட்டு கிலோ. விறகு நாற்பது கிலோ. "ரொம்ப சிக்கனமான அடுப்பா இருக்கே, பார்க்கலாங்களா?" என்று கேட்டு, சாயக் கொப்பரைக்குக் கீழே அடுப்பில் குனிந்து பார்த்தார். உள்ளேயிருந்து பூனை ஒன்று அவரைப் பார்த்தது. அதன் வயிற்றில் ஒட்டிக்கொண்டு மூன்று குட்டிகள். கண்கூடத் திறக்காத குட்டிகள், மச்சான்.

மேடம் நிமிர்ந்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டார். "ஏங்க, ஒரு மாசமா நாற்பத்தெட்டு கிலோ பட்டு வெந்த அடுப்புல பூனை எப்படிங்க குட்டி போட்டுது?"

நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் தங்கை காபித் தட்டோடு வந்து, "அது பாவம் வாயில்லா ஜீவங்க. இவருதான் தினம் மூட்டை கட்டிகினு முள்ளிப்பட்டுக்குப் போயிடறாரே, அடுப்பு சும்மாதானே கிடக்குதுன்னு நான்தான் பழம்புடவை போட்டு வுட்டேன்" என்று அரிச்சந்திரன் வீட்டுப் பெண் மாதிரி அத்தனையும் கொட்டிவிட்டாள். உங்கள் வீட்டு வளர்ப்பு, என்ன சொல்ல!

மேடம் சிரித்தார். கோபம் இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பெரிய பெரிய கம்பெனிங்க இதைத்தாங்க செய்யுது. புகை வர்ற வேலையை வேற ஆள் கிட்ட தள்ளிட்டு எங்க சிம்னி சுத்தம்னு ரிப்போர்ட் அடிக்குது. நீங்க பாடம் படிக்காமலே கண்டுபிடிச்சிட்டீங்க" என்றார். நானும் சிரித்தேன். பெண்ணைப் பார்த்த பிறகு என் சிரிப்பு நின்றுவிட்டது.

அது சிரிக்கவில்லை. அது திட்டியிருந்தால்கூட நான் திருப்பி நாலு வார்த்தை பேசியிருப்பேன். நோட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, "நான் படிக்கறதே இந்த மாதிரி பொய்யைக் கண்டுபிடிக்கத்தாம்பா. மொத பொய்யே என் வூட்டுல" என்றது. அவ்வளவுதான். உங்கள் தங்கை வடை சுட்டு வைத்திருந்தாள், தொடவில்லை. மேடம் மட்டும் இரண்டு சாப்பிட்டார். இன்றோடு பதினொரு நாள் ஆகிறது. திங்கட்கிழமை ரிப்போர்ட் கொடுக்க வேண்டும், அதில் எழுதப் பிப்ரவரிக்கு உண்மைக் கணக்கு இல்லை, இல்லாவிட்டால் பெங்களூர் வேலையும் இல்லை என்று அக்கா சொல்லித்தான் எனக்கே தெரிய வந்தது. என்னிடம் சொல்லவில்லை.

ஆகவே மச்சான், நான் சொல்ல வருவது இதுதான். அந்தப் படிப்பு நமக்கு வேண்டாம். அப்பனையே சந்தேகப்படச் சொல்லித் தருகிற படிப்பு என்ன படிப்பு? இந்த வருஷத்தோடு நிறுத்திவிட்டு ஊருக்கு வந்து பேங்க் பரீட்சை எழுதச் சொல்லுங்கள். வேலூர் வரனையும் நான் போய்ப் பேசிப் பார்க்கிறேன். நான் ஒன்றும் திருடவில்லை, கொலை பண்ணவில்லை, ஐந்தாறு கட்டை விறகை வேறு ஊரில் எரித்தேன், அதுவும் பெண்ணுக்காகவே எரித்தேன் என்று தாய்மாமன் ஸ்தானத்தில் எடுத்துச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்கும். எனக்கு அது பேசினால் போதும் மச்சான், திட்டினாலும் சரி. பட்டறையில் வேலை ஓடவே மாட்டேன் என்கிறது.

அக்காவுக்கு என் நமஸ்காரம். குழந்தைக்கு, அது கேட்காவிட்டாலும், என் ஆசீர்வாதம். உங்கள் முழங்காலுக்குப் பரிமளா அனுப்பும் தைலத்தை இரண்டு வேளை தேய்க்கவும்.

இப்படிக்கு,
தங்கள் நலம் கோரும்
மு. குப்புராஜ்

பின்குறிப்பு: மச்சான், மேலே எழுதியது எதையும் பெண்ணிடம் சொல்லிவிடாதீர்கள். கவரை ஒட்ட உட்கார்ந்தபோதுதான் தனகோடி வீட்டுச் சுவர் ஞாபகம் வந்தது. ஜல்தியாக வண்டியை எடுத்துப் போனேன். அவன் மனைவி பங்குனி உத்திரத்துக்கென்று சுண்ணாம்பைக் கரைத்து வைத்துக்கொண்டு மட்டையும் கையுமாக நிற்கிறாள். அம்மா தாயே, அரை மணி நேரம் பொறு என்று கெஞ்சி, கரிக்கட்டியில் இருந்த இருபத்துநாலு நாள் கணக்கையும் வரி பிசகாமல் காப்பி பண்ணிவிட்டேன். விறகு எண்ணூற்று அறுபத்துநாலு கிலோ. நம் அடுப்பிலேயே எரித்திருந்தால் ஐநூறைத் தாண்டியிருக்காது. புகையைக் குறைக்கப் போய்க் கூட்டிவிட்டு வந்திருக்கிறேன். நாற்பத்தெட்டு நடை பெட்ரோலையும் எழுதி, வெந்நீர் விறகைத் தனியாகக் காட்டி, கீழே "இதை மறைத்தது என் அப்பா குப்புராஜ்" என்று போட்டுக்கொள்ளச் சொல்லி என் கையெழுத்தும் வைத்திருக்கிறேன். அந்தத் தாளை இதனுடன் கூரியரில் அனுப்புகிறேன், கையோடு அதனிடம் கொடுத்துவிடுங்கள். படிப்பை நிறுத்தச் சொல்ல வேண்டாம். வேலூர்க்காரர் ஜாதகத்தை அவரே வைத்துக்கொள்ளட்டும். பூனையைக் குட்டிகளோடு சேலைப் பெட்டிக்கு மாற்றிவிட்டோம், நாளை நம் அடுப்பை மூட்டுகிறேன். அந்தத் தாளின் கடைசி வரியில் தேதி மட்டும் மார்ச் என்று இருக்கும். அது இன்றைக்கு இந்தக் கணக்கை எடுக்க முள்ளிப்பட்டு போய்வந்த பெட்ரோல், கால் லிட்டர். அதையும் அப்பா விட்டுவிடவில்லை என்று சொல்லுங்கள்.